தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள்

கரும்புத் தொட்டில் எடுத்த அன்றுதான் எனக்கு அந்த இருமல் வந்தது. அதற்கு முன்பும் இருமியிருப்பேன். நினைவில் நிற்பது அதுதான்.

எங்கள் திருவண்ணாமலையில், பிள்ளை வரம் கேட்டு அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டவர்கள், பிள்ளை பிறந்தபின் கார்த்திகைத் தேரோட்டத்தன்று கரும்புத் தொட்டில் எடுப்பார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, குழந்தையை உள்ளே படுக்கவைத்து, முன்னால் கணவனும் பின்னால் மனைவியுமாகத் தோளில் சுமந்து மாட வீதியைச் சுற்றி வர வேண்டும். தொட்டிலை நடுவில் கீழே இறக்கக் கூடாது. இரண்டு கரு தங்காமல் போன பிறகு எங்களுக்குப் பிறந்தவள் உண்ணாமலை. எழுபதுகளின் கடைசி அது.

கோயிலின் மேற்கு வாசல் பேய்க்கோபுரம் தாண்டியதும் நெஞ்சுக்குள் ஏதோ பிராண்டியது. கூட்டத்தின் புழுதி, கற்பூரப் புகை என்று நினைத்தேன். இருமல் தொடங்கியது, நிற்கவில்லை. முழங்கால் மடங்கிக் கரும்பு என் தோளிலிருந்து வழுக்கியது. பின்னால் வந்துகொண்டிருந்த என் நாத்தனார் பச்சையம்மா பாய்ந்து அதைப் பிடித்துத் தன் தோளில் வாங்கிக்கொண்டார். தொட்டில் தரையைத் தொடவில்லை. மீதித் தெருவெல்லாம் அவர்தான் சுமந்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்து முந்தானையைப் பார்த்தேன். சிவப்பாக ஒரு பொட்டு. கோயில் குங்குமம் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துத் துவைத்துப் போட்டேன்.

பச்சையம்மா என் கணவர் ஏழுமலைக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார். பிள்ளை இல்லை. இருந்த கொஞ்சம் நிலத்தில் நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) போட்டுத் தனியாகவே பாடுபட்டார். எனக்குக் கரு கலைந்தபோதெல்லாம் வந்து பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவர் அவர். அந்தத் தொட்டில் வேண்டுதலே அவர் வேண்டிக்கொண்டதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவர்மேல் மட்டும் பழியைப் போட்டுவிடாதீர்கள்.

திருவிழா முடிந்ததும் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும்; விடியும்போது பாய் நனைந்திருக்கும். ரவிக்கை தொளதொளவென்று ஆயிற்று. பால் கொடுக்கிற உடம்பு, இளைக்கத்தான் செய்யும் என்றார்கள். நானும் நம்பினேன். மறுபடி முந்தானை சிவந்தபோதுதான் அது குங்குமம் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே என்னைச் சாகாமல் காப்பாற்றினார்கள். சளியைச் சோதித்தார்கள், மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்புறம் தாழ்வாரத்தில் பினாயில் வாசனைக்கு நடுவே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து, என் தலைக்கு மேலாக என் கணவரிடம் பேசினார்.

“உங்க சம்சாரத்துக்கு டி.பி.ங்க (காசநோய், நுரையீரலைப் பிடிக்கும் தொற்று). பயப்படாதீங்க, இப்ப மருந்து இருக்கு. தினம் ஊசி, கூடவே மாத்திரை. ஆனா கைக்குழந்தைய கிட்ட வெச்சிக்கக் கூடாது.”

“எவ்ளோ நாளைக்குங்க?”

“சளியில கிருமி இல்லைன்னு ஆகுற வரைக்கும்.”

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்டது. ஆனாலும் நான் அந்தப் பேச்சில் இல்லை. நோயாளி என்று ஆனதும் முதலில் பறிபோவது உடம்பு இல்லை. நேருக்கு நேர் பேசப்படுகிற மரியாதை. இதை இப்போதுதான் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது. அன்று எனக்குக் குழந்தையை எங்கே விடுவது என்ற கவலை தவிர வேறொன்றும் ஓடவில்லை.

மறுநாளே பச்சையம்மா வந்தார். வாசலிலேயே நின்றார். “நீ உள்ளயே இரு கஸ்தூரி. கொழந்தைய நான் பாத்துக்கறேன். நீ ஒடம்பைப் பாரு” என்றார். அவர் என் பெயரைச் சொல்லி என் காது கேட்டது அதுதான் கடைசி. தொட்டில் கட்டிய புடவையிலேயே குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். எனக்கு அன்று சாயங்காலமே பால் கட்டிக்கொண்டது. துணியால் மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார்கள். காய்ச்சல் விட்டது. பசி எடுத்தது. கண்ணாடியில் பார்த்தால் என் முகம் எனக்கே அடையாளம் தெரிய ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் காதுக்குள் ஒரு சத்தம் வந்து உட்கார்ந்தது. எங்களுக்குச் செங்கம் சாலையில் வாடகை சைக்கிள் கடை. டியூபில் வால்வு கசிந்தால் ஒரு சத்தம் வருமே, அதே சத்தம், இரவு பகல் ஓயாமல்.

ஊசி போடுகிறவரிடம் சொன்னேன். “ரத்தம் கம்மிம்மா. கீரை நெறைய சாப்புடுங்க, சரியாப்பூடும்” என்றார். கீரை சாப்பிட்டேன். நடந்தால் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்கும் கீரையே போதும் என்று இருந்துவிட்டேன். டாக்டரிடம் நேராகச் சொல்லி அவர் ஊசியை நிறுத்தியபோது, கடை வாசலில் பஸ் ஹாரன் அடிப்பது எனக்கு எட்டவில்லை. அந்த மருந்து சில பேருக்குக் காது நரம்பைக் கெடுக்கும், உயிரா காதா என்றால் உயிரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அவர் எழுதியது நியாயம்தான்.

இதைப் படிக்கிறவர்களில் இதே ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இருந்தால், காதில் இரைச்சலோ தலைச்சுற்றலோ வந்த அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். காதில் வாங்காவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நச்சரிக்கிறாள் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை. நல்ல பிள்ளை என்று பேர் வாங்கி நான் அடைந்தது இதுதான்.

கடைசியாக எந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கவனித்துக் கேட்டிருப்பேன். என் மகளின் அழுகையைக் கேட்டிருக்கிறேன், விக்கலைக் கேட்டிருக்கிறேன், தூக்கத்தில் சப்புக்கொட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அவள் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

மெட்ராஸில் காது டாக்டர் ஒருவரிடம் என் கணவர் அழைத்துப் போனார். ஒரு பெண் டாக்டர். காதில் கருவியை மாட்டிச் சோதனை செய்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, மெல்ல, வாய் நன்றாக அசையும்படி பேசினார். புரியாததை எழுதிக் காட்டினார். நரம்பு போய்விட்டது, கருவி வைத்தும் பயனில்லை. பேச்சு போகாது, பயப்பட வேண்டாம். உதட்டைப் பார்த்துப் பழக வேண்டும். நடுவில் அவர் என் கணவரை ஏதோ கடிந்துகொண்டதைப் பார்த்தேன். அது என்னவென்று, திரும்பி வரும்போது என் கணவர் தாளில் எழுதினார்: “என்னைப் பாத்து ஏன் கேக்கறீங்க, அவங்களைப் பாத்துக் கேளுங்கன்னாங்க. முதுகுக்குப் பின்னாலேந்து கத்தக் கூடாதாம். தோளைத் தொட்டுக் கூப்பிடணுமாம்.”

சளி சுத்தமானது. ஆனால் குழந்தை வீட்டுக்கு வரவில்லை.

கீழ்பென்னாத்தூருக்குப் போய் நின்றபோது பச்சையம்மா சோறு போட்டார், மோர் கொடுத்தார். குழந்தையை மட்டும் இடுப்பைவிட்டு இறக்கவில்லை. என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தே பேசினார். அந்த உதடுகளிலிருந்து முதன்முதலாக நானே பிரித்தெடுத்துப் படித்த சொல், செவிடு. மீதியை என் கணவர் அப்புறம் எழுதிக் காட்டினார்.

“செவிட்டுக்கிட்ட கொழந்தைய எப்படிடா உடறது? ராத்திரி வீல்னு கத்துனா எழுந்திரிப்பாளா? கெணத்தாண்ட போனா கூப்புட்டாக் கேக்குமா? நடக்கட்டும், ஓடட்டும், அப்பால இட்டுனு போ.”

எனக்கே அது நியாயமாகப் பட்டது. அதுதான் இன்று வலிக்கிறது. அவர் “கஸ்தூரிக்குக் காது கேக்காதே, ராத்திரி யாரு பாப்பா?” என்று கேட்டிருந்தால் வழி யோசித்திருப்போம். குழந்தையின் காலில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை என் கையில் கட்டிக்கொண்டிருப்பேன். என் கணவர் பக்கத்தில் படுத்திருப்பார். செவிடு என்று சொன்னதும் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்தச் சொல்லுக்குள் கஸ்தூரி இல்லை. “காது கேக்காதவங்க” என்று சொல்ல ஒரு மூச்சு கூடுதலாகத்தான் ஆகும். அந்த ஒரு மூச்சுக்குள் எதிரில் இருப்பது ஆள் என்று நினைவு வந்துவிடும்.

வெறுங்கையோடு பஸ் ஏறினோம்.

அப்புறம் என் நாட்கள் சைக்கிள் கடையில் கழிந்தன. யார் எந்த வண்டியை எப்போது எடுத்தார்கள் என்று சிலேட்டில் எழுதுவது என் வேலை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் நிறைய வண்டி எடுப்பார்கள். அவர்களோடு எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எல்லாவற்றுக்கும் கையைத்தான் ஆட்டுவார்கள். செங்கம் சாலையில் என்னை யாருக்கும் குறைவாக நினைக்காதவர்கள் அவர்கள்தான்.

நம் ஆட்கள் கடைக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள். டமாரம் கடை. காது கேட்காதவர்களுக்கு எங்கள் பக்கத்தில் கேலிப் பேர் டமாரம். “டமாரம் கடையில போயி எடு, வண்டி நல்லா இருக்கும்” என்று என் எதிரிலேயே சொல்வார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, கடையைப் பாராட்டுகிறார்களாம். என் கணவர் பெயின்டரை வரவழைத்து ‘கஸ்தூரி சைக்கிள் கடை’ என்று பலகை எழுதி மாட்டினார். பலகை பளபளவென்று இருந்தது. பேர் டமாரமாகவே இருந்தது.

காது போனதும் என் குரலை என்னாலேயே அளக்க முடியவில்லை. ரகசியம் பேசுவதாக நினைத்துத் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருப்பேன். என் கணவர் உள்ளங்கையைக் கீழே தணித்துக் காட்டுவார். சத்தம் ஜாஸ்தி என்று அர்த்தம். அது எங்கள் கடையில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

முடிந்தபோதெல்லாம் மகளைப் பார்க்கப் போவேன். அவள் நடந்தாள், ஓடினாள், பேசினாள். ஒவ்வொரு முறையும் பச்சையம்மா இன்னும் கொஞ்ச நாள் என்றார். என்னை அவர் கூப்பிட வேண்டியிருந்தால் கையைத் தட்டி ஆட்டுவார், அல்லது மல்லாட்டைத் தோலை என் பக்கம் வீசுவார். டி.பி. வந்த உடம்பைத் தொட அவருக்குப் பயம். சளி சுத்தம் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. குழந்தைக்கு ஏதும் ஒட்டிவிடக் கூடாதே என்ற பயம்தான் என்று இப்போது புரிகிறது.

ஒரு நாள் போனபோது உண்ணாமலை வாசலிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு உள்ளே திரும்பிக் கத்தினாள். அவள் உதடு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

“அம்மா, செவிட்டம்மா வந்துக்குது!”

அவளுக்கு இரண்டு அம்மா. வளர்க்கிறவள் அம்மா. ஊரிலிருந்து பிஸ்கட் வாங்கி வருகிறவள் செவிட்டம்மா. பெரியம்மா, சின்னம்மா என்று மற்ற பிள்ளைகள் சொல்வதுபோல அவள் சொன்னாள். அந்த வீட்டில் எனக்கு அதுதான் பேர் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். அவள் கையில் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயசு வந்தது. இனிமேல் பொறுப்பதில்லை என்று நான் என் கணவரிடம் சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இருவரும் கீழ்பென்னாத்தூருக்குப் போனோம். பச்சையம்மா களத்தில் மல்லாட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். அன்று வெளிச்சம் நன்றாக இருந்தது. பேசியவர்கள் என் எதிரில் நின்றார்கள். எல்லாவற்றையும் நான் படித்தேன்.

“இங்கயே பள்ளிக்கூடம் இருக்குது. செவிட்டுக்கிட்ட வளந்தா கொழந்தைக்குப் பேச்சு மழுங்கிப்பூடும். அன்னிக்கே சாமி காட்டிட்டாரு ஏழுமல, தொட்டிலு யாரு தோளுக்கு வந்துச்சுன்னு.”

“அக்கா, போதும் உடு.”

“இன்னா போதும்? நான் கேக்கறதுக்கு பதில் சொல்லு.”

என் கணவர் சாதுவான மனுஷர். வண்டியை உடைத்துக் கொண்டு வந்து நிறுத்துகிறவனிடம்கூட அதட்டிப் பேசத் தெரியாது. அன்று அவர் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன்.

“பெத்தவ வலி மலடிக்கு இன்னா தெரியும்?”

பச்சையம்மா தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் என்னை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான். உள்ளே போய், குழந்தையின் கவுன்களையெல்லாம் ஒரு புடவையில் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். அது தொட்டில் கட்டிய புடவை. அதுவரை மடித்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

செவிடு என்ற சொல் என் மகளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. மலடி என்ற சொல் அவளைத் திருப்பிக் கொடுத்தது. நான் கேட்டது என் மகளை மட்டும்தான்; அதற்கு இந்த விலை கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பஸ்ஸில் என் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உண்ணாமலை அழுதுகொண்டே வந்தாள். சத்தம் எனக்குத் தெரியவில்லை. மடியில் அவள் உடம்பு குலுங்கியது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் மகளிடம் கண்டிப்பாகச் சொன்னார். “அது அத்தை. இதான் அம்மா. இன்னொரு தடவ செவிட்டம்மான்னு சொன்னே, பல்லு பேந்துடும்.”

அவள் அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அம்மா என்றும் சொல்லவில்லை. அம்மா என்ற சொல் கீழ்பென்னாத்தூரில் அத்தையிடம் இருந்தது. அதை அங்கே சொல்லக் கூடாது என்றுவிட்டோம்; இங்கே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிப் பேசினால் “அவங்க” என்பாள். பசித்தால் என் எதிரில் வந்து தட்டோடு நிற்பாள். சடை பின்ன வேண்டுமென்றால் சீப்பை நீட்டுவாள். கெட்ட சொல் ஒன்றை நாங்கள் பிடுங்கிப் போட்டோம். அந்த இடத்தில் வைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. சொல்லைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

இப்படியே மழைக்காலம் வந்து, கார்த்திகையும் வந்தது. தேரோட்டத்தன்று மூவரும் மாட வீதியில் ஓரமாக நின்றிருந்தோம். கூட்டம் நெரித்தது. தேர் வருவது பாதத்தில் அதிர்ந்தது. கரும்புத் தொட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அப்போது என் தோளில் யாரோ தட்டினார்கள். இரண்டு விரலால், இரண்டு முறை.

திரும்பினேன். உண்ணாமலை. அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்திருந்தவள் கையை எட்டி என்னைத் தட்டியிருந்தாள். நான் அவள் வாயைப் பார்க்கும் வரை காத்திருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “என்னையும் இப்படித்தான் தூக்கினு போனீங்களா?”

“ஆமாம்” என்றேன். சத்தம் ஜாஸ்தியாகிவிட்டது போலிருக்கிறது. முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளங்கையைத் தணித்துக் காட்டினாள்.

அன்றிலிருந்து அந்த இரண்டு தட்டுதான் என் பேர். அவசரம் என்றால் வேகமாக விழும். கோபம் என்றால் முதுகில் குத்தாகவே விழும். பரீட்சையில் மார்க் குறைந்த அன்று ஈ உட்கார்ந்த மாதிரி இருக்கும், தெரியாததுபோல் இருந்துவிடுவேன். அவள் அம்மா என்று வாயால் சொல்கிறாளா இல்லையா என்று நான் அப்புறம் பார்க்கவில்லை. எனக்கு என்னவோ அது போதுமாக இருந்தது.

அன்று வீடு திரும்பும் வழியில் அவள் மறுபடி தட்டினாள். “அத்தைய இட்டுனு வரலாமா?”

நான் என் கணவரைப் பார்த்தேன். “தீபம் முடியட்டும்” என்றார். தீபம் முடிந்தபின் அறுவடை முடியட்டும் என்றார். அக்கா முகத்தில் விழிக்க அவருக்குக் கூச்சம். அன்று களத்தில் அவர் வீசிய சொல்லைத் தாண்டி வாசலுக்குள் போக அவருக்குக் கால் வரவில்லை. ஒருநாள் என்னிடம் சிலேட்டில் எழுதினார்: “நான் மன்னிப்பு கேட்டா அந்தப் பேச்சை இன்னொரு தடவ ஞாபகப்படுத்துன மாதிரி ஆவும்.” படித்ததும் அழித்துவிட்டார். நானும் அதற்குமேல் சொல்லவில்லை. அடுத்த கார்த்திகை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பச்சையம்மா வரவில்லை. மல்லாட்டை மூட்டை மட்டும் வருஷம் தவறாமல் யாரிடமாவது கொடுத்தனுப்பினார். உண்ணாமலைக்கென்று மேலே ஒரு முழம் கனகாம்பரமும் இருக்கும்.

உண்ணாமலை ஐந்தாவது படிக்கும்போது, கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். என் கணவரிடம் ஏதோ சொன்னார். என் கணவர் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. எனக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

பச்சையம்மா தூங்கின இடத்திலேயே போயிருந்தார். நான் அந்தத் தொட்டில் புடவையை எடுத்துக்கொண்டு போய் அவர்மேல் போர்த்தினேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். எனக்கு வாய்கள் மட்டும் தெரிந்தன. காது கேட்காதவளின் எதிரில் எல்லாரும் எல்லாமும் பேசுவார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னதை நான் பார்த்தேன்.

“மலடி போய்ச் சேந்துட்டா. அழறதுக்கு ஒரு புள்ள உண்டா?”

என் பக்கத்திலிருந்த உண்ணாமலை எழுந்து நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது.

“அப்படிச் சொல்லாதீங்க. அவங்க எங்கம்மா.”

அந்தச் சொல்லை நாங்கள் அவளிடமிருந்து வாங்கி எத்தனையோ வருஷமாயிற்று. அவள் தானாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள். பந்தல் காலருகே நின்ற என் கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அந்த அம்மாள் விடவில்லை. என்னைக் கைகாட்டி ஏதோ கேட்டாள். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் படிக்க வேண்டும் என்பதற்காக முகத்தை என் பக்கமாகவே வைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

“இவங்களும் எங்கம்மா. காதுதான் கேக்காது. நீங்க பேசுனது எல்லாம் இவங்களுக்குத் தெரியும்.”

அந்தப் பதிலில் எனக்குப் பெருமை இருந்தது. அதைவிட வருத்தம் அதிகம் இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர் புடவையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கும் இனிமேல் ஒன்றும் கேட்காது.

முன்பெல்லாம் எனக்கு நேரம் சத்தமாக வந்தது. கோயில் மணி, பால்காரர், முதல் பஸ். இப்போது அது உடம்பில் வருகிறது. தரை அதிர்ந்தால் செங்கம் பஸ். பாதம் சுட்டால் மத்தியானம். தோளில் இரண்டு தட்டு விழுந்தால் பள்ளிக்கூடம் விட்டாயிற்று.

சில நாட்களில், அவள் பள்ளியில் இருக்கும் நேரத்திலேயே, சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது தோளில் யாரோ தட்டியதுபோல் இருக்கும். அது அன்று கரும்பு வழுக்கிய தோள். நோய் வந்தபின் பச்சையம்மா என்னை ஒரு தடவையும் தொட்டதில்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிவிடுகிறேன். “இன்னா அண்ணி?” என்று கேட்டும்விடுகிறேன். ரொம்பச் சத்தமாகக் கேட்கிறேன் போலிருக்கிறது. வண்டி எடுக்க வந்தவர்கள் உள்ளங்கையைத் தணித்துக் காட்டுகிறார்கள்.